ரெண்டு இழுப்பு

எங்கள் வீட்டில் குழந்தைக்குக் கண்ணேறு கழிப்பதற்குக்கூட நான் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டால், "புகை வருதுங்க அத்தை, பாப்பாவுக்கு இருமல் வரும்" என்று ஜன்னலைத் திறந்துவிடுகிறவள் நான். பேய், காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும். பயப்படுவதற்கு எனக்கு வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன. காய்ச்சல், பள்ளி வேன், தொண்டையில் மாட்டுகிற வேர்க்கடலை, யாரோ மூடாமல் விட்ட தண்ணீர்த் தொட்டி. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. அங்கேயே இருந்த என் வீட்டுக்காரரே இன்றைக்கும் பாதிதான் நம்புகிறார்.

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வீட்டுக்காரர் பிரபு ஒரு பிரிண்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். மகள் யாழினி அப்போது பள்ளியில் சேரவில்லை. போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை, பிரபு தன் போனை என் முன்னால் நீட்டினார். மலை தெரிகிற இடத்தில் டென்ட், கலர் கலராகத் தொங்கும் பல்புகள், பாட்டு, தீ மூட்டிக் கறி வாட்டல், எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று போட்டிருந்தது. நான் பார்த்துவிட்டு, "மலை தெரியறதுக்கு எதுக்குங்க பல்பு?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "நாங்க சின்னதுல போவோமே, அங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, மலையும் நேரா தெரியும்" என்றும் சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கே இணையத்தில் ஒரு ஆரஞ்சுக் கலர் டென்ட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டார்.

நான் சொன்ன இடம் ஊதியூர் மலைக்கு எதிரே இருக்கிற ஒரு கொறங்காடு. காங்கேயம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சுற்றிலும் கிளுவை வேலி வைத்து, உள்ளே மாடுகளை விட்டுவிடுகிற மேய்ச்சல் நிலம். நடுவில் ஒன்றிரண்டு வெள்வேல மரங்கள், மற்றபடி புல், புல்லுக்கு மேலே மலை. என் அப்பா நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். வாரம் முழுக்க மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வந்தால் வீட்டில் மெல்லப் பேசவே அவருக்கு வராது, "ஏன் கத்தறீங்க" என்று அம்மா கேட்டால் "நான் எங்க கத்தறேன்" என்று இன்னும் கத்துவார். ஆர்டர் குறைவான மாதங்களில், சனிக்கிழமை சாயங்காலம், டிவிஎஸ் வண்டியில் முன்னால் தார்ப்பாயும் நானும், பின்னால் அம்மாவும் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறுமாகக் கிளம்பிவிடுவோம். "காதுல இருந்து மெஷின் எறங்கணும்" என்பார். கொறங்காட்டுக்குச் சொந்தக்காரர் அப்பாவுக்கு எப்படியோ பழக்கம். அவரைக் காட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். எந்த மரத்தடியில் வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு நிபந்தனைதான். உள்ளே வந்ததும் படலைச் சாத்திக் கட்ட வேண்டும். படல் என்பது வேலியின் வாசல், முள்ளும் குச்சியும் வைத்துப் பின்னிய கதவு. மாடு வெளியே போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் சொன்னால்தான் மற்றது புரியும். படலுக்கு அந்தப் பக்கம், கொஞ்ச தூரத்தில், பக்கத்துக் காட்டுக்காரருடைய பழைய கிணறு ஒன்று உண்டு. சுற்றுச்சுவர் கிடையாது. புல் விளிம்பு வரை வளர்ந்து, நடந்து போனால் கிணறு என்றே தெரியாது. அதனால் அப்பா படுக்கும்போது ஒரு பனியன் துணிப் பட்டையின் ஒரு முனையை என் மணிக்கட்டிலும் மறு முனையைத் தன் வலது மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வார். திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் பட்டைக்கா பஞ்சம், வண்டி துடைப்பது முதல் கொடி கட்டுவது வரை அதுதான். இருட்டில் எனக்குப் பயமாக இருந்தால் ரெண்டு தடவை இழுப்பேன். அவரும் ரெண்டு தடவை இழுப்பார். இருக்கிறேன் என்று அர்த்தம். விடியலில் அவர் டீ போட எழுந்திருக்கும் முன்னால் ஒரே ஒரு தடவை இழுப்பார். நான் போகிறேன், அவிழ்க்கப் போகிறேன் என்று அர்த்தம். எனக்கு அவரை விட மனசு வராவிட்டால் நான் திரும்ப ரெண்டு இழுப்பு இழுப்பேன். சித்த நேரம் என்று முனகிக்கொண்டு மறுபடி படுத்துக்கொள்வார். இதெல்லாம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான். அம்மா அந்தப் பக்கம் போர்வையை முகம் மூடிப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்.

அந்த அப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. காலில் கொஞ்சம் அசைவு வந்தது. கை வரவில்லை, தலையணை மேல் எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். நாங்கள் கிளம்புகிற அன்று மண்ணரையில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போனோம். "அப்பா, நம்ம கொறங்காட்டுக்குப் போறோமுங்க, யாழினிக்கு மலையைக் காட்டப் போறேன்" என்று அவர் காதருகில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்த மாதிரி இருந்தது. பிறகு இடது கை விரலால், அசையாத வலது மணிக்கட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "கட்டறேனுங்கப்பா, மறக்க மாட்டேன்" என்றேன்.

டிக்கியில் டென்ட்டை விட என் பைதான் பெரிது. காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், சளிக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று, பாம்புக்கென்று யாரோ சொன்ன பூண்டு. பிரபு தூக்கிப் பார்த்துவிட்டு, "மெடிக்கலையே பேக் பண்ணிட்டயா? கடைக்காரரு எந்த சீட்டுல உக்காருவாரு?" என்றார்.

பொழுதோடு போய்ச் சேர்ந்தோம். காட்டுக்காரருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆறுமுகத்தோட புள்ளயா நீயி? அட சாமி! அப்பன் எப்படி இருக்கறான்?" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டுப் படலை அவரே திறந்துவிட்டார். "சரி, எங்க புடிக்குதோ அங்க போட்டுக்கங்க கண்ணு. மாடு வந்து மோந்து பாக்கும், பயந்துக்காதீங்க. படலை மட்டும் சாத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பழைய வெள்வேல மரத்தடியிலேயே டென்ட்டைப் போட்டோம். மலை அப்படியே இருந்தது. எனக்கு அதுதான் ஆச்சரியம். வண்டி மாறி, ரோடு மாறி, தூரத்தில் காற்றாலைகள்கூட வந்துவிட்டன, ஆனால் சூரியன் இறங்கும்போது அதே ஊதா நிறம். யாழினி, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்த ஒரு காங்கேயம் பசுவைப் பார்த்து, "அம்மா, இந்த மாடு மை போட்டிருக்குது" என்றாள். அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டோம். நெய் உறைந்துபோயிருந்தது, அதுவும் அந்தக் காலத்து மாதிரியே. ஒரு தடவை பிரபு வெளியே நிறுத்திய காரிலிருந்து பாய் எடுத்து வரப் போனார். "ஏனுங்க, படலைச் சாத்திட்டீங்களா?" என்றேன். "சாத்தியாச்சு சாத்தியாச்சு" என்றார். நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். எப்போதும் எல்லாவற்றையும் ரெண்டு தடவை பார்க்கிறவள், சிலிண்டரை மூன்று தடவை பார்க்கிறவள், அன்று பார்க்கவில்லை.

படுக்கும்போது பட்டையை எடுத்தேன். அதில்தான் நான் தப்பு செய்தேன். அப்பா எடுப்பது சாதாரண காட்டன் பட்டை, அதையும் கட்டுவதற்கு முன் கையால் நன்றாக இழுத்து, இனி நீளாது என்றானதும்தான் முடிச்சுப் போடுவார். நான் பிள்ளையின் கணுக்காலில் பதிந்துவிடக் கூடாதே என்று மெத்தென்று இருக்கிற லைக்ரா ரிப் துணியில், கிரே கலரில், ஒரு பட்டை வெட்டி எடுத்து வந்திருந்தேன். டி-ஷர்ட் கழுத்துக்கு வைப்போமே, அந்தத் துணி. அது எவ்வளவு இழுத்தாலும் வரும், இழுக்கிறதே கைக்குத் தெரியாது. துணி பற்றித் தினமும் வெளிநாட்டுக்கு மெயில் போடுகிறவளுக்கு அது அன்று தோன்றவே இல்லை. ஒரு முனை யாழினி காலில், ஒரு முனை என் கையில். நடுவில் முழங்கை நீளம்கூட இருக்காது.

இனி நான் சொல்வது விடியற்காலையில். இருட்டு இல்லை, வெளிச்சமும் இல்லை, டென்ட் துணி சாம்பல் நிறமாகத் தெரிந்தது, எங்கேயோ மயில் அகவியது. என் மணிக்கட்டில் ரெண்டு இழுப்பு வந்தது. நான் கண்ணைத் திறக்காமலேயே ரெண்டு இழுப்பு திருப்பி இழுத்தேன். அவ்வளவு இயல்பாக இழுத்தேன், எனக்கு அந்த நிமிஷம் எட்டு வயதுதான், பக்கத்தில் தார்ப்பாய் வாசனைகூட வந்தது. மறுபடியும் ரெண்டு இழுப்பு, இந்தத் தடவை பலமாக, என் கை போர்வைக்கு வெளியே போகும் அளவுக்கு. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ரெண்டு இழுப்பை நான் யாழினிக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் பிள்ளை இல்லை. பிரபு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டென்ட்டின் ஜிப் கீழே ஒரு பிள்ளை தவழ்ந்து போகிற அளவு திறந்திருந்தது. என் கையிலிருந்து அந்தப் பட்டை அந்த வழியாக வெளியே போயிருந்தது.

நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. கத்தினேன் என்று பிரபு சொல்கிறார். வெளியே பனி என்றால் அப்படிப் பனி, மரம்கூடத் தெரியவில்லை, மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பட்டை மட்டும் புல்லுக்கு மேலே, விறைப்பாக, பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. நம்புவது உங்கள் இஷ்டம். நூல் மாதிரி மெலிந்திருந்தது, ஆனால் தொய்யவில்லை. நான் அதன் மேல் கையை ஓட்டிக்கொண்டே ஓடினேன். ஓட ஓட அது முடியவே இல்லை. நடுவில் ஒரு தடவை என் உள்ளங்கைக்குள் அது ரெண்டு முறை துடித்தது. நானும் இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று கேட்காதீர்கள், அதை இழுக்காவிட்டால் அறுந்துவிடும் போல இருந்தது.

பட்டை முடிந்த இடத்தில் யாழினி உட்கார்ந்திருந்தாள். படல் திறந்து கிடந்தது. சரியாக அந்த வாசலில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டை கட்டிய காலைப் பின்னால் நீட்டி, மற்ற காலை மடக்கி, ஒரு மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயில் கிணற்று விளிம்பில் நின்றது. பெரியவர்கள் சில எட்டு வைத்தால் போய்விடலாம். நான் வந்ததும் அது படபடவென்று எழும்பிக் கிணற்றுக்கு மேலேயே பறந்து போனது. இறக்கைச் சத்தம் உள்ளே போய் எதிரொலித்தது. அந்த எதிரொலி இப்போதும் எனக்குக் கேட்கும்.

வாரி எடுத்தேன். எடுத்த அந்த நொடியில் பட்டை தளர்ந்தது. குனிந்து பார்த்தால், அவள் காலிலிருந்து என் கைக்கு முழங்கை நீளப் பட்டைதான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடி வந்த வழியில் புல்லின் மேல் ஒன்றுமில்லை.

"எங்க சாமி போன? எதுக்குக் கண்ணு போன?" என்று நான் அவளை உலுக்கிக்கொண்டே கேட்டேன்.

"மயிலு கூப்பிட்டுச்சு."

"அப்பறம் ஏன் இங்கயே உக்காந்துட்ட?"

அவள் என்னை ஏதோ தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நீங்கதான் பொறவால இழுத்துட்டே இருந்தீங்கல்லம்மா."

பிரபு வெறுங்காலோடு ஓடி வந்தார், முள் ஏறியிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. திறந்து கிடந்த படலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாய் எடுக்கப் போனபோது ரெண்டு கையிலும் சாமான் என்று காலால் தள்ளிவிட்டு வந்திருக்கிறார், மாடு முட்டித் திறந்திருக்கும். அவரை நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பனி விலகி மலை வந்த பிறகு, டென்ட்டிலிருந்து படல் வரைக்கும் நானே நடந்து பார்த்தேன். ரெண்டு டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தலாம்.

பனி விலகுவதற்கு முன்னாலேயே, பிள்ளையோடு டென்ட்டுக்குத் திரும்பியதும் அம்மாவிடமிருந்து போன் வந்தது. நான் எதுவும் சொல்வதற்குள் அம்மாவே ஆரம்பித்தார்.

"கவி, பயந்துக்காத. அப்பாவுக்கு வெடியால இருந்து ஒரு மாதிரி. அந்தக் கை இருக்குதல்லொ, வராத கை, அது இழுக்குது கண்ணு. போர்வை ஓரத்தை எப்படியோ மணிக்கட்டுல சுத்திக்கிட்டு இழு இழுன்னு இழுக்குறாரு. நான் புடிச்சா எனக்கு அடங்கல. வேர்த்து ஊத்துது. போர்வையே கிழிஞ்சு போச்சு. இப்பத்தான், சித்த முன்னாடி விட்டாரு. விட்டுட்டு அழுகறாரு."

"எப்பம்மா விட்டாரு?"

"இப்பத்தான்னு சொல்றனல்ல. பாப்பா எந்திரிச்சிருச்சா?"

"எந்திரிச்சிருச்சுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அதையெல்லாம் நினைத்துவிட்டேன். பிசியோதெரபி செய்கிறவர், இந்த நோயில் தசை இறுகி இழுப்பது சகஜம்தான், அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்றார். இருக்கலாம். பட்டை என் கையிலிருந்து முன்பே நழுவி, நான் தூக்கக் கலக்கத்தில் வேறு எதையோ பிடித்துக்கொண்டு ஓடியிருக்கலாம். பனியில் சிலந்தி இழைகூட அப்படித் தெரியும் என்று பிரபு சொன்னார். ஆனால் பட்டை என் கையிலும் அவள் காலிலும் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், திங்கட்கிழமை அதை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். லைக்ரா ரிப்பை அளவுக்கு மீறி இழுத்துவிட்டால் அது பழையபடி சுருங்காது, தொளதொள என்று அப்படியே நின்றுவிடும், கழுத்து தொங்கிப்போன டி-ஷர்ட் எல்லார் வீட்டிலும் இருக்குமே. துணி சோதிக்கிற லேபில் இருக்கிற பெண்ணிடம் கொடுத்து, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் பார்க்கச் சொன்னேன். "இழுக்காத புதுத் துணிங்கக்கா இது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கொறங்காட்டிலிருந்து அன்று ஊருக்குத் திரும்பியதும் நேராக மண்ணரைக்குத்தான் போனோம். யாழினி ஓடிப்போய் "அப்புச்சி, மயிலு பாத்தேன்" என்று கட்டிலில் ஏறினாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை இடது கையால் வாங்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையை இழுத்து இழுத்துப் பார்த்தார். அது நீண்டுகொண்டே வந்தது. பிறகு என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சின்ன வயதில் நான் தப்பாக முடிச்சுப் போட்டால் இப்படித்தான் அடித்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு அந்தக் கை சாயங்காலமானால் இழுக்க ஆரம்பித்தது. வேறு எதுவும் செய்யாது, டம்ளர் பிடிக்காது, விரல் விரியாது. ரெண்டு இழுப்பு மட்டும். நான் வேலை முடிந்து யாழினியோடு போய், அந்தக் கையைப் பிடித்து ரெண்டு தடவை இழுத்தால் அடங்கிவிடும். அம்மா இதைப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்துக்காக நான் நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

போன வாரம் அம்மா வாசலிலேயே நின்று, சந்தோஷமாகத்தான் சொன்னார். "கவி, அப்பா கை இப்பல்லாம் ஒரு தடவைதான் இழுக்குது. இழுத்துட்டு, யாரையோ எதிர்பாத்துட்டு இருக்கற மாதிரி அப்படியே நிக்குது. வலுவு வருதாட்ட இருக்குது."

உள்ளே போய் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். ஒரே ஒரு இழுப்பு. மெதுவாக, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி. நான் உடனே ரெண்டு தடவை இழுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டைக்குள் ஏதோ முனகிக்கொண்டு, தலையணையில் சாய்ந்துகொண்டார்.

தினமும் போகிறேன். தினமும் ஒரு இழுப்பு, நான் ரெண்டு. ஷிப்மென்ட் நாளில்கூடப் பர்மிஷன் போட்டுவிட்டுப் போகிறேன். ஒரு இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.